நாலாம் நாள் கொட்டாத பானை

வேலாயுதம் அண்ணன் இறந்த செய்தி மலாயாவின் மூவார் படகுத் துறையில் எனக்குக் கிடைத்தது. ரப்பர் தோட்டத்துக் கங்காணி சொன்னார். நெஞ்சடைப்பு. கருமாதியன்று வாசிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னார். நீங்கள்தானே அவருக்கு நெருக்கம் என்றார்.

நெருக்கம்தான். எழுதுகிறேன்.

அவர் தோட்டத்து டிரஸ்ஸர், மருந்து கொடுப்பவர். கொசு ஒழிப்பும் அவர் பொறுப்பு. தேங்கிய நீரிலெல்லாம் எண்ணெய் தெளித்தார். நீங்கள் குடியிருக்கும் லயங்களில் காய்ச்சல் குறைந்தது. அதை மறுக்கமாட்டேன்.

நான் அங்கே கணக்கு எழுதும் சின்னக் கிராணி. சென்னையில் படித்துவிட்டு வந்தவன், பேச ஆள் இல்லாதவன். அவர் வீட்டு ஜாடிகளில் சண்டை மீன்கள் இருந்தன. ஒரு ஞாயிறு முழுக்க நாங்கள் ஒரே ஜாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆண் மீன் நுரைக்கூடு கட்டியிருந்தது. நழுவி விழும் முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் ஏந்திக் கூட்டில் வைத்தது. அண்ணன் சாப்பிடவே எழவில்லை.

குஞ்சு வளர உயிருள்ள தீனி வேண்டும். "செத்ததப் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கும், தம்பி. நெளியணும்." கொசுப்புழுவைவிட நல்ல தீனி கிடையாது. கொசுவை ஒழிப்பவர் அதை எங்கே வளர்ப்பார்? என் வீட்டுப் பின்புறத்தில். அங்கே சோதனை போடுகிறவரும் அவர்தான். ஒரு மண்பானை, அதில் மழைநீர், ஒரு பிடி காய்ந்த புல். புழு கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் ஆகும். அதற்கு முன், நாலாம் நாள், துணியில் வடித்துப் புழுவை எடுத்துவிட்டுப் பானையைக் கவிழ்க்க வேண்டும். "நான் கொட்டிருவேன். நீங்க தொடவே வேணாம்."

நான் தொடவில்லை. அதுதான் என் தவறு.

ஒரு தடவை நாலாம் நாள் அவர் வரவில்லை. புது ஜோடி மீன் வாங்க பத்து பகாட் ஊருக்குப் போயிருந்தார். ஐந்தாம் நாளும் வரவில்லை. ஆறாம் நாள் வந்தார், சுகாதாரத் துரையோடும் தோட்டத்துத் துரையோடும். பானைக்குள் எட்டிப் பார்த்த சுகாதாரத் துரை, இது யாருடையது என்று கேட்டார்.

"கிராணி மீனு வளக்கிறாரு, துரை. நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

முதல் வாக்கியம் பயத்தில் வந்தது. அதை என்னால் மன்னிக்க முடிந்தது. இரண்டாவது வாக்கியத்துக்கு அவசியமே இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கவுமில்லை.

அந்த வாரமே தோட்டத்தை விட்டு அனுப்பப்பட்டேன். காய்ச்சலை வளர்த்த கிராணி என்று உங்களில் சிலர் இன்னும் சொல்கிறீர்கள்.

பிறகு ஒரே ஒரு முறை அவரைச் சந்தித்தேன், மூவாரில் ஒரு காப்பிக் கடையில். அரை மணி நேரம் நுரைக்கூட்டைப் பற்றிப் பேசினார். எழும்போது, "நான் பிள்ளகுட்டிக்காரன், தம்பி," என்றார். இன்னொரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். காப்பிக்குக் காசு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செய்தி சொல்ல வந்த கங்காணி கையில் ஒரு ஜாடி இருந்தது. என்னிடம் சேர்க்கச் சொல்லி அண்ணனே வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். நீல மீன் ஒன்று, அடியில் ஒரு காய்ந்த கெத்தாபாங் இலை, நம் நாட்டு வாதுமை. சீட்டு ஏதாவது உண்டா என்று இலையைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

மீனை வைத்துக்கொண்டேன். செத்ததைப் போட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதனால் வீட்டு வாசலில் ஒரு பானை வைத்திருக்கிறேன். நாலாம் நாள் நானே கவிழ்க்கிறேன். யாருடையது என்று யாராவது கேட்டால் என்னுடையது என்பேன். இப்போது அது உண்மை.