ஏழு மணிக்கு நிற்கும் கோடு

காலை 6.51. மலேசியாவில், மேருவில் இருக்கும் அந்தக் கையுறை ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, நாற்காலி காலியாக இருக்க, நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்த ஆபரேட்டரை. நாற்பது வயதிருக்கும். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்.

அந்த அறையின் கணினியில் ஒரு சர்வர் மென்பொருள் ஓடுகிறது. பாய்லரின் சூட்டையும் அழுத்தத்தையும் வாங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குக் கொடுக்கும். அங்கே அது திரையில் கோடாக ஓடும். சில வாரங்களாக, சில காலைகளில் மட்டும், ஏழு மணிக்குக் கோடு நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாக வருகிறது.

பழுது பார்க்க வரும் எனக்கு இது மூன்றாவது வருகை. முதல் இரண்டு முறையும் ஃபயர்வாலைப் பார்த்தேன். ஆலையிலும் தலைமை அலுவலகத்திலும் உள்ள இரண்டு கணினிகளிலும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல் இருக்கிறதா என்று பார்த்தேன். அனுமதிகளை வரி வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நான் இருக்கும்வரை கோடும் ஓடியது. சுங்கை பூலோவில் என் அலுவலகத்துக்குத் திரும்பி, காரை நிறுத்துவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

ஆலை மேலாளர் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். இந்த ஆபரேட்டர் இரவு ஷிஃப்ட் முடிக்கும் காலைகளில் மட்டுமே கோடு நின்றிருந்தது.

"சூடு கொறஞ்சத மறைக்க கேபிள புடுங்குறான் லா," என்றார் முந்தைய நாள் தொலைபேசியில். "நாளைக்கு பக்கத்துல நின்னு பாருங்க. பெர்மிட் ரினியூ பண்றதா, ஊருக்கு அனுப்புறதான்னு நீங்க சொல்றத வெச்சுதான் முடிவு."

ஆபரேட்டருக்கும் இது தெரிந்திருந்தது.

"மெஷின பாக்க வந்தீங்களா, என்னையப் பாக்க வந்தீங்களாண்ணே?"

"ரெண்டையும்தான்."

"நல்லாப் பாருங்க. கேபிள் இருக்கற பக்கம் திரும்பக்கூட மாட்டேன். வேணும்னா கையக் கட்டிக்கிறேன்."

ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதியது. அவர் அளவுகளை நோட்டில் எழுதினார். மவுஸை நகர்த்தி மூன்று முறை சொடுக்கினார். தலைமை அலுவலகத் திரையைத் திறந்து வைத்திருந்த என் மடிக்கணினியில் கோடு நின்றது. மணி 7.02.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"லாக் ஆஃப் பண்ணேன்." சுவரைக் காட்டினார். ஷிஃப்ட் முடிந்ததும் லாக் ஆஃப் செய்யவும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும், சென்ற மாதத் தேதியிட்டு ஒட்டியிருந்தது.

"மத்தவங்க பண்றதில்லையா?"

"அவங்க ஸ்கிரீன மட்டும் அணைச்சுட்டுப் போயிருவாங்க. நான் பெர்மிட்டுல இருக்கேன்ணே. எழுதி ஒட்டுனத செஞ்சுட்டுத்தான் போவேன்."

அந்த சர்வர் யார் பெயரில் ஓட வேண்டும் என்று விண்டோஸில் ஓரிடத்தில் சொல்ல வேண்டும். 'லாக் இன் செய்திருப்பவர்' என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அவர் வெளியேறினால் சர்வரும் நிற்கும். அடுத்த ஷிஃப்ட்காரர் சாவகாசமாக வந்து லாக் இன் செய்தால் மீண்டும் ஓடும். இரண்டு வருடங்களுக்கு முன் இதை நிறுவும்போது, சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கிறது என்று அப்படி வைத்தவன் நான். பிறகு மாற்ற மறந்துவிட்டேன். முதல் இரண்டு வருகைகளிலும் அந்தப் பக்கத்தை மட்டும் திறக்கவில்லை. நான் வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சர்வருக்கென்று தனிப் பயனர் கணக்கை உருவாக்கிக் கொடுத்தேன். அவரை இரண்டு முறை லாக் ஆஃப் செய்யச் சொன்னேன். கோடு நிற்கவில்லை. மொத்தம் இருபது நிமிட வேலை.

மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்ப அவன் மேல தப்பே இல்லையா?"

"இல்ல. நான் வெச்ச செட்டிங்."

"நீங்களா? இத கண்டுபுடிக்க மூணு தடவ வந்தீங்களா பாஸ்?"

"ஆமா."

மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று பெர்மிட்டைப் புதுப்பிக்க, மற்றது வேலையிலிருந்து நீக்க. புதுப்பிக்கும் கடிதத்தில் கையெழுத்திட்டார். மற்றதில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.