காற்றில்லாத மண்டபம்

யாழ்ப்பாணத்து வேலணையில் கடலை ஒட்டிய ஒரு வெளியில்தான் நான் கூடைப்பந்து பழகினேன். அங்கே இருந்தது ஒரே வளையம். நாங்கள் ஆடும் மாதங்களில் சோளகக் காற்று விடாமல் வீசும். நேரே எறிந்தால் பந்து வலப்பக்கம் விலகிவிடும். அதனால் சற்று இடப்பக்கமாகவே எறிவேன். காற்று அதைத் தள்ளிக்கொண்டுவந்து வளையத்துக்குள் போடும். ஊரில் எனக்குக் குறி தவறாது என்று பெயர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. அதன் அணியிலும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆட்டம் கூரை போட்ட மண்டபத்தில் நடந்தது. நான் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு இடப்பக்கமே போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். இடைவேளையில் அணித்தலைவர் வந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்.

“என்ன ஐசே, ஒரே பக்கமா எறியிறீர்?”

“ஊரில காத்துக்கு விட்டுத்தான் எறியிறனாங்கள் அண்ணை. கை அப்பிடியே போகுது.”

“இஞ்ச காத்து இல்லையே. நேர எறியுமன்.”

“இண்டைக்கு ஏலாது அண்ணை.”

கோபிப்பார் என்று நினைத்தேன். “அப்ப எறியாதையும். பந்தைப் பறிச்சு எங்களுக்குத் தாரும்” என்றார்.

மிச்ச நேரம் அதைத்தான் செய்தேன். மயிரிழையில் வென்றோம்.

மறுநாள் தொடக்கம், வேலை முடிந்ததும் வளையத்தின் கீழே நின்று, பந்தையே தொட்டறியாதவன் போல எறிந்து பழகினேன். கை நேராக மாதக்கணக்கானது. பிறகு பல வருடம் ஆடினேன். ஆனாலும் என்னை அணியில் வைத்திருந்தது, பந்தை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தெரிந்ததற்காகத்தான்.