கோழிக்கோட்டுக் கடலில் ஒரு கிணறு

எங்கள் ஊரில் நடமாடிய பேய்களில் பாதி நான்தான். புளியமரத்தில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது நான், இருட்டில் வேலிக்குப் பின்னால் சலங்கை ஆட்டியது நான், கோயில் பூசாரி காய்ச்சலில் படுத்தாரே, அதுவும் என் கைங்கரியம்தான். அல்வா கிண்டுகிறவனுக்கு அல்வா மேல் ஆசை இருக்குமா? அப்படித்தான் எனக்கும் பேய். அதனால் இதை நான் சொன்னால், இவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், ஜோடித்துச் சொல்லத் தெரியாது.

பைக்காரா கரண்ட் எங்கள் அவிநாசிப் பக்கம் வந்த மறு வருஷம். மாசி மாதம். என் அக்கா வள்ளியம்மா முழுகாமல் இருந்தாள். மசக்கையில் ஒருத்தி மாங்காய் கேட்பாள், ஒருத்தி சாம்பல் தின்பாள், என் அக்கா கடல் கேட்டாள். வாய்க்கு ஒன்றும் வேண்டாமாம், கண்ணால் பார்த்தால் போதுமாம்.

"நாலு மாசப் புள்ளத்தாச்சிய ரயில்ல ஏத்தறதாவது" என்றாள் அம்மா.

"ஆசப்பட்டுக் கேட்டுப்போட்டாளுங்க அத்தை. பதனமாக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்லாமுங்க" என்றார் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர்.

அவர் காங்கேயம் பக்கத்து ஆள். அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே கழுத்து வலிக்கும், அதில் யார் குதித்து நீச்சல் பழகுவது? மனைவி வயிற்றோடு இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, கடலில் குளிக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் மனுஷனுக்கு முடி பிடரியைத் தாண்டி இறங்கி, தாடி காடாகிக் கிடந்தது. போத்தனூரில் ரயில் ஏறியதிலிருந்து அதைக் கேலி பண்ணுவதுதான் எனக்கு வேலை.

"மச்சான், உங்ககிட்ட டிக்கெட்டே கேக்க மாட்டானுங்க. பண்டாரம்னு உட்டுப்போடுவானுங்க."

"கேட்டா கேக்கட்டும் மாப்ள. நீ என்ற சிஷ்யன்னு சொல்லிப்போடறேன், திருவோட்ட நீ புடிச்சுக்க."

கட்டுச்சோறும் ஜமுக்காளமுமாக நாலு பேரும் கோழிக்கோட்டில் போய் இறங்கி மணலை மிதித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் முழுக்க மஞ்சளாக, யாரோ மஞ்சள் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. அக்கா கண்ணைச் சிமிட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன தண்ணியும் சும்மா கெடக்குதே" என்றாள் அம்மா, வயிறெரிந்து.

அக்காவுக்கு அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சி அலையிடம் போகக்கூடாது என்று அம்மா பிடித்துக்கொண்டாள். மச்சான் பித்தளைச் சொம்பை எடுத்தார்.

"கால நனைச்சா அது கடல்ல குளிக்கறதுல சேராதுங்களே அத்தை?"

முழங்கால் ஆழத்துக்குப் போய்ச் சொம்போடு குனிந்தார். திரும்பிப் போன அலை அவர் காலடி மணலையும் எடுத்துக்கொண்டு போனது. சும்மா உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். அடுத்த அலையில் சொம்பு வந்தது, அவர் வரவில்லை.

அம்மா அலறினாள். அக்கா அலறவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் ஒருத்தன் கரையில் நிற்க முடியுமா? நான் பாய்ந்தேன்.

நான் கிணற்றில் நீந்தியவன். கிணற்றில் மூச்சு முட்டினால் கையை வீசினால் போதும், சுவர் வரும், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படி வரும், பிடித்து ஏறிவிடலாம். கடலுக்குச் சுவர் இல்லை என்பது எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. உள்ளே போய்த் துழாவினேன், கையில் பாசி மாதிரி சிக்கியது மச்சானுடைய முடி. கெட்டியாகச் சுருட்டிப் பிடித்தேன். அதோடு மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போனது, எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மஞ்சள். பழக்கத்தில் இன்னொரு கையை வீசினேன்.

நம்பினால் நம்புங்கள், சுவர் இருந்தது.

சில்லென்ற கல் சுவர். அதில் படி. கையை வைத்தேன், காலுக்கு அடுத்த படி கிடைத்தது. வாய்க்குள் போன தண்ணீரில் உப்பே இல்லை, இளநீர் மாதிரி இருந்தது. அலைச் சத்தம் நின்றுவிட்டது. எங்கேயோ மேலே மாடு பூட்டி நீர் இறைக்கிற உருளையின் கிறீச்சுச் சத்தம், தாலாட்டு மாதிரி. அண்ணாந்து பார்த்தால் வட்டமாக வானம். பயமே இல்லை. தூக்கம்தான் வந்தது, இப்படியே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அக்கா பார்த்த பார்வை இருக்கிறதே, அது ஏற்றிவிட்டது. மச்சானை இழுத்துக்கொண்டு படிபடியாக ஏறித் தலையைத் தூக்கினால், கடல். முழங்கால் தண்ணீர். அம்மா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

மச்சானைக் குப்புறப் போட்டு அமுக்கினோம். தண்ணீரைக் கக்கிவிட்டு, "அம்மணி பயந்துபோட்டாளா?" என்றார். அப்போதுதான் அக்கா அழுதாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம், இங்கே தண்ணீருக்குள் பாறை, பழைய சுவர் ஏதாவது உண்டா என்று கேட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல்தான் என்றார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் வாய்க்கு, சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆவணியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. மச்சான் பழனிக்குப் போய் முடி இறக்கினார், துணைக்கு நான். திரும்பும்போது வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். தேங்காய் மாதிரி மின்னிய தலையைத் தட்டிப் பார்த்து, முத்தினதுங்களா எளசுங்களா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்கோணும். கேலி பண்ணப்படாது."

"கேளுங்க."

"அன்னிக்குக் கெணத்துப் படியில ஏறி வந்தமல்ல?"

அவருக்கு நினைவே இல்லை என்றல்லவா இருந்தேன்.

"நடுப்படியில ஒரு அம்மணி ஒக்காந்திருந்துச்சே. முந்தானைய ஒதுக்கி நமக்கு வழி உட்டுச்சு. என்ற முதுகுல கை வெச்சு மேல தள்ளி உட்டதும் அதுதான். அது பொறகால ஏறி வந்துருச்சா, இல்ல உள்ளயே நின்னுபோச்சா? நெனச்சாத் தூக்கம் புடிக்க மாட்டேங்குது மாப்ள."

நான் எந்த அம்மணியையும் பார்க்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏறி வந்துருச்சுங்க மச்சான்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று வண்டிச் சட்டத்தில் தலையைச் சாய்த்தார், ஊர் வரும்வரை தூங்கினார்.

ஊரையே ஏய்த்திருக்கிறேன், ஒரு பொய்யும் என்னை உறுத்தியதில்லை. இது மட்டும் விடமாட்டேன் என்கிறது. அன்றைக்குப் படி ஏறும்போது நான் திரும்பியே பார்க்கவில்லை.