லேத் அக்கா கையெழுத்துப் போடாத தாள்

பல்கலைக்கழகப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக லேத் என்கிற கடைசல் மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளை எல்லோரும் லேத் அக்கா என்பார்கள். பத்தாவதைத் தாண்டாதவள்தான். ஆனால் அவளிடம் வேலை பழகியவர்களில் ஒருத்தர் விரலாவது போயிருக்கிறதா? யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்!

மனம் உடைந்த மாணவர்களை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். பட்டியலில் அவள் இல்லை. போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"இது லெக்சரர்களுக்கும்மா," என்றார் துறைத்தலைவர்.

"பொண்ணு என் மெஷின்லதானே சார் நிக்குது?"

அக்காவின் கோட்டுப் பையில் தலைவர் அனுப்பிய தாள் இருந்தது. மூன்றாம் லேத்தில் வேலை செய்யும் மாணவி ஒரு வாரமாகச் சட்டைக் கையை மடிக்காமல் சுழலும் இரும்பின் பக்கத்தில் நிற்கிறாளாம். துணி சிக்கினால் கையே போய்விடும், அதனால் பட்டறைக்குள் விடக் கூடாதாம். அக்கா கையெழுத்துப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போச்சு. முன்பெல்லாம் முதல் ஆளாகக் கையை மடித்துவிடுபவள் அந்தப் பெண். இது திமிர் இல்லை என்று அக்காவுக்குப் பட்டது. தன் மேலேயே அக்கறை விட்டுப்போனவளின் கை அது.

பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சொன்னார்: "சுத்தி வளைக்காதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க."

"நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?" என்றார் தலைவர்.

"ஆகாது சார். கேட்டா பாரம்தான் குறையும். அப்புறம் தனியா விடாம ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

மதியச் சாப்பாட்டுக்குக்கூட அக்கா நிற்கவில்லை. நேரே பட்டறைக்குப் போனாள், மூன்றாம் லேத்தை நிறுத்தினாள், பெண்ணை ஓரமாக அழைத்தாள்.

"ஏம்மா, சாகணும்னு தோணுதா உனக்கு?"

பெண் தரையில் கிடந்த இரும்புச் சுருளையே பார்த்தாள்.

"தினமும்க்கா."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னியே, அது போதும். வா, நானும் வரேன்." ஆலோசகர் அறை வாசல் பெஞ்சில் கிரீஸ் கையோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆலோசகர் சொன்னபடி, மறுநாளிலிருந்து பெண்ணுக்கு மெஷின் கிடையாது. மேசையில் உட்கார்ந்து அளவு பார்க்கிற வேலை. வருகைப் பதிவும் உண்டு. தலைவர் தாம்தூம் என்று வந்தார்.

"யாரைக் கேட்டும்மா வருகை போட்டே?"

"உங்ககூட உக்காந்துதானே சார் படிச்சேன்?"

"தடைத் தாள் எங்கே? கையெழுத்து?"

எண்ணெய் டின்னுக்கு அடியிலிருந்து சொட்டச் சொட்ட அதை உருவி நீட்டினாள்.

"மை பிடிக்கல சார்."

"வேற தாள் அனுப்புறேன்!"

"அனுப்புங்க சார். எண்ணெய் நிறைய இருக்கு."