தீவின் முதுகுப்பக்கம்

ரோசெண்டா படகுத்துறையில் புத்தோ விற்கிறாள். இனிப்பு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வருடமாக அதே பலகை, அதே குடை, எதிரே கடலில் அதே தீவு. அங்கே ஆளில்லை, குடிக்கத் தண்ணீரில்லை, படகைக் கட்ட ஒரு கம்பம்கூட இல்லை. ஊரில் பாதிப்பேர் அங்கே போய் மீன் சுட்டுத் தின்றுவிட்டு வந்தவர்கள்தான். ஆனால் எல்லோரும் முன்பக்க மணலோடு சரி. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "அங்க என்ன இருக்கு, காடுதான்" என்பார்கள். போய்ப் பார்க்காமலே இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது.

தினமும் சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவும் நேரத்தில் வெள்ளைப் பறவைக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே பறந்து தீவுக்குப் பின்னால் மறையும். விடிகாலையில் அங்கிருந்தே திரும்பும். அவை எந்த மரத்தில் தூங்குகின்றன? உயிரோடு இருந்தவரை அவள் புருஷன், "அதுங்க எங்க தூங்கினா உனக்கென்னடி?" என்று சிரிப்பான். அவனுக்கு எதைப் பற்றியும் கேள்வியே வராது. அது ஒரு கொடுப்பினை.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தாள். மூன்று வாரத்தில் தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். பிறகு ஐந்தாறு மாதம் எந்தப் படகும் அந்தப் பக்கம் போகாது.

படகுக்காரர் புருடென்சியோவிடம் பேசினாள். எட்டுப்பேர் உட்காரலாம். காலை ஏழு மணிக்குக் கடல் ஏறியிருக்கும், பதினொன்றுக்குள் வற்றி முன்பக்கப் பாறைகள் வெளியே வந்துவிடும், சாயங்காலம்தான் தண்ணீர் திரும்பும். ரோசெண்டா உட்கார்ந்து யோசித்தாள். இரண்டு கேன் தண்ணீர், கரி, கத்தி, உப்பு, கெட்டுப்போகாதபடி காடி ஊற்றிச் சமைத்த பன்றிக்கறி, ஓலைப்பொட்டலத்தில் சோறு. துணைக்கு நாத்தனார் மில்லா மட்டும் போதும். எல்லாம் கச்சிதமாக இருந்தது, வாயைத் தவிர.

அந்த ஊரில் வழியில் பார்ப்பவர்கள் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், உதட்டை ஒரு பக்கமாகக் குவித்துக் காட்டி "இங்கதான்" என்றால் போதும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இடத்தைச் சொல்லிவிட்டாலோ "நீங்களும் வாங்களேன்" என்று சேர்த்தாக வேண்டும். கேட்டவர் இரண்டு தரம் மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் கூப்பிட்டால் நிஜமான அழைப்பு, வந்துவிடுவார்கள். சந்தோஷத்தில் ரோசெண்டா பார்த்தவர்களையெல்லாம் மூன்று தரம் கூப்பிட்டிருந்தாள்.

பிறந்தநாள் காலையில் கரையில் பதினைந்து பேர். பாட்டுப்பெட்டியோடு, கோழியோடு, பாயோடு.

"ஏன் அண்ணி, ஊரையே தீவுக்குக் குடி மாத்தப் போறியா?" என்றாள் மில்லா.

"கூப்பிட்டுட்டேனே. இப்ப வராதீங்கன்னா சொல்றது?"

"ரெண்டு நடை ஆகும்மா," என்றார் புருடென்சியோ. "ரெண்டாவது நடைக்கு முன்பக்கம் படகு ஏறாது."

விருந்துக்கு அழைத்தவள் கடைசியில்தான் ஏற வேண்டும். முதல் நடையில் கறிப்பானையோடு மில்லாவும் மற்ற ஏழு பேரும் போனார்கள். படகு திரும்பி வருவதற்குள் மீதிப்பேர் வெயிலுக்குப் பயந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ரோசெண்டாவும் சோற்று மூட்டையும்தான் மிச்சம். கடல் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்ப எங்க இறங்கறது அண்ணே?"

புருடென்சியோ தலையைச் சொறிந்தார். "ஆழம் பின்பக்கம்தான் இருக்கு. அங்க இறக்கட்டுமா?"

ரோசெண்டா வேகமாகத் தலையாட்டினாள். பேசினால் சிரித்துவிடுவோம் என்று பயந்தாள்.

முன்பக்கத்தில் கறி, பின்பக்கத்தில் சோறு, நடுவில் புதர்க்காடு. புருடென்சியோதான் மூட்டையைச் சுமந்துகொண்டு, காட்டில் குடியிருப்பதாக ஊர் நம்பும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் "ஐயாமாரே, கொஞ்சம் வழி விடுங்க, மிதிச்சா கோச்சுக்காதீங்க" என்று கெஞ்சியபடி உள்ளே போனார். ரோசெண்டா கூடப் போகவில்லை. ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

பின்பக்கம் முழுக்கத் தேடினாள். கருங்கல், முட்புதர், குட்டைத் தாழை. பறவை தூங்குமளவு ஒரு மரமில்லை. ஓர் எச்சம்கூட இல்லை. நண்டு ஒன்று அவளைப் பார்த்துவிட்டு வளைக்குள் போனது. முன்பக்கத்திலிருந்து மில்லாவின் பாட்டு அபசுரமாக மிதந்து வந்தது. மத்தியான வெயிலில் வெறும் சோற்றைத் தின்றாள். ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போக மனமில்லை.

சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் புருடென்சியோ திரும்பி வந்து, படகைச் சுற்றி எடுத்துப் போய் முதலில் முன்பக்கத்தாரை ஏற்றிப் போனார். விருந்துக்காரி கடைசிதான். அவள் பாறைமேல் தனியாக உட்கார்ந்திருந்தபோது பறவைகள் வந்தன. தீவில் இறங்கவேயில்லை. அவள் தலைக்கு மேலே கடந்து நேரே போயின. எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். தூரத்தில், ஊரிலிருந்து ஒருநாளும் தெரியாத இடத்தில், தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து, இன்னொரு தீவு. அதன் மரங்கள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன.

மறுநாள் துறையில் எல்லோரும் கேட்டார்கள், "பின்பக்கம் என்ன இருந்துச்சு?"

"காடுதான்," என்றாள்.

அடுத்த ஞாயிறு விடியலில், காற்று எழும்புவதற்கு முன்பே, இரண்டு கேன் தண்ணீரோடு புருடென்சியோவின் படகில் ஏறிக்கொண்டிருந்தாள். மில்லா பார்த்துவிட்டாள்.

"அண்ணி! எங்க கிளம்பிட்டே?"

ரோசெண்டா உதட்டைக் குவித்துக் கடலைக் காட்டினாள். "இங்கதான்."