தண்டவாளத்தை ஒட்டிய அறை

மேற்கு டெக்சஸின் அந்தப் பாலைவன ஊரில் தங்குவது எங்கள் திட்டத்திலேயே இல்லை. டெக்சஸின் வடகிழக்கே ரிச்சர்ட்சனில் எனக்கு வேலை போய், மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் மேற்குக் கடற்கரையில் பே ஏரியாவில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ரிச்சர்ட்சனுக்குப் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டைப் பூட்டி, மகனை அங்கேயே நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, நானும் கணவரும் காரில் கிளம்பியிருந்தோம். என்னை அங்கே குடிவைத்துவிட்டு அவர் திரும்பி வந்து, பள்ளி ஆண்டு முடிந்ததும் மகனோடு வந்து சேருவார் என்பது ஏற்பாடு.

வழியில் ரேடியேட்டர் ஒழுகிவிட்டது. மாற்றுப் பாகம் எல் பாசோ நகரத்திலிருந்து வர இரண்டு நாளாகும் என்ற மெக்கானிக், மோட்டல் தேடித் தருவதாகத் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டார். ஒரே ஒரு தெரு. அதன் கூடவே ஓடும் ரயில் பாதை. முதல் மோட்டல் முழுவதையும் சரக்கு ரயில் ஊழியர்களுக்கென்றே குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டாவதில் நீச்சல் குளத்தில் தண்ணீருக்குப் பதில் மணல் கிடந்தது. அறையைப் பார்க்க உள்ளே போன கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டே வெளியே வந்தார். மூன்றாவது, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. நாலாவது என்று ஒன்று கிடையாது.

அந்த மூன்றாவது மோட்டலை நடத்திய குஜராத்தி ஆன்ட்டி சாவியைக் கொடுக்கும்போதே, கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னார். இரவெல்லாம் ரயில் ஓட்டிய டிரைவர்கள் பக்கத்து அறைகளில் பகலில் தூங்குவார்களாம்.

பையைத் திறக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர முடியுமா என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றாமல் இருந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவர் ஆரம்பித்தபோது சரக்கு ரயில் வந்தது. கட்டில் அதிர, மேசையில் கண்ணாடி டம்ளர் ஆட, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கத்திப் பேசியிருக்கலாம். கடைசிப் பெட்டி போகும்வரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் அங்க வரலைம்மா. ஸ்கூல் முடிஞ்சாலும் வரலை. மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்க என்னால முடியாது."

"இதை ஃபிரிஸ்கோலயே சொல்லியிருக்கலாமே?"

"நீ ஆஃபர் வந்ததுல சந்தோஷமா இருந்தே."

எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. சேலத்திலிருந்து நியூ ஜெர்சி, அங்கிருந்து டெக்சஸ் என்று ஒவ்வொரு முறையும் என் பின்னால் வந்தவர் அவர்தான். நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் அவருக்குப் பிடித்த வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு வந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று மாலை ஒவ்வொரு ரயிலுக்கும் பேச்சை நிறுத்தி நிறுத்தி, நிறையப் பேசினோம். வேலையை வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. கார் ரெடியானதும் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்றார். அத்தனை தூரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போக இருவராலும் முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை டீ வாங்கப் போனபோது, இங்கே பயணிகள் ரயில் நிற்குமா என்று ஆன்ட்டியிடம் விசாரித்தேன். வாரத்தில் சில நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் வண்டி நிற்கும், இன்று மதியம்கூட ஒன்று உண்டு என்றார். அறைக்கு வந்து, அதில் நான் மட்டும் போய் லாஸ் ஏஞ்சல்ஸில் வண்டி மாறிக்கொள்கிறேன் என்று சொன்னதும் கணவர் மறுக்கவில்லை. என் பெட்டிகளைத் தனியாகப் பிரித்து வைத்தார். குக்கர் யாருக்கு என்பதில் கொஞ்சம் குழப்பம் வந்தது. எனக்குத்தான் என்று அவரே என் பையில் திணித்தார்.

ரயில் தாமதமாக வந்தது. "ரீச் ஆனதும் போன் பண்ணு" என்றார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வண்டி நகரும்வரை நின்றார்.

இப்போது மாதத்துக்கு ஒரு முறை நான் ஃபிரிஸ்கோவுக்குப் பறந்துபோய் வருகிறேன். மகன் கல்லூரிக்குப் போய்விட்டான். வீட்டை விற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.