பட்டை கட்டிய கை

என் தங்கையின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடமாக, தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி லாரிமேல் பூப்போல வைப்பார். மேலே இருக்கும்வரை பொறுமையின் சிகரம். கீழே இறங்கினால் மூக்குக்கு மேல் கோபம் வரும். டீயில் சர்க்கரை குறைந்தால் வீடு இரண்டுபடும். தங்கை பதிலே பேசமாட்டாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். பிரஷர் வந்தால் இவருக்குத்தான் வரும் என்று குடும்பத்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவரும்தான்.

போன வருடம் கம்பெனி கிரேன்காரர்களுக்கெல்லாம் ஒரு வாட்ச் கொடுத்தது. அதன் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். தோலுக்கடியில் ரத்தம் துடித்து ஓடுவதை அந்த வெளிச்சத்தில் பார்த்து பிரஷரைக் கணக்கிடும். ஆனால் கணக்கை எங்கே தொடங்குவது என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை, வாட்சைக் கட்டிக்கொண்டே, மேல்கையில் காற்றுப்பட்டையைச் சுற்றி அளந்து காட்ட வேண்டும். யாரும் தில்லுமுல்லு செய்யக்கூடாதென்று பட்டையிலும் வாட்சிலும் எண்ணே தெரியாது. அளவு நேராகக் கம்பெனி மருத்துவ அறைக்குப் போய்விடும். அதிகமாக இருந்தால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டு, பட்டையைத் தங்கையின் கையில் சுற்றினார்.

"எதுக்குங்க இது?"

"சும்மா இரு. பேசினா ஏறிடும்."

மூன்று வாரக் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிட்டு மருத்துவ அறைக்குக் கூப்பிட்டார்கள். நர்ஸ் வாட்சின் கணக்கைக் காட்டினார்: தினமும் நூற்றெழுபதுக்கு மேல். பிறகு சாதாரணப் பட்டையைக் கட்டி இரண்டு தடவை அளந்தார். நூற்றிருபத்தாறு. நூற்றிருபத்து நாலு.

"உங்களுக்கு ஒண்ணுமில்லையே. வாட்ச்தான் கோளாறு போல. அப்படியே எழுதிடட்டுமா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், கூண்டு நிலைத்திருக்கும். மாப்பிள்ளை வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நூற்றெழுபதுக்குச் சொந்தக்காரி வீட்டில் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாட்ச் சரியாத்தான் இருக்கு, சிஸ்டர். பட்டையை என் வீட்டுக்காரி கையில கட்டினேன்."

அன்று மாலையே தங்கையை டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே அளவு இன்னும் கூடுதல். டாக்டர் துருவிக் கேட்டபிறகுதான், இரண்டு வருடமாகப் பின்மண்டை வலிக்கிறது என்றாள். தைக்கிறவளுக்குக் கழுத்து வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாளாம். அண்ணன் என்று நானும் இருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏமாற்றியதற்குத் தண்டனையாக மாப்பிள்ளைக்கு ஆறு மாதம் கூண்டு கிடையாது. இப்போது தரையில் நின்று லாரிகளுக்குக் கை காட்டுகிறார். காலையில் தங்கைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். டீக்காகக் கத்துவது மட்டும் குறையவில்லை.

"கூண்டு போனதுல வருத்தமா, மாப்பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா?" என்றார். பிறகு, "முதல்ல உங்க கையைத்தான் கேக்கலாம்னு இருந்தேன், மச்சான். உங்களுக்குத்தான் ஒரு வியாதியும் கிடையாதே. பட்டை கட்டுன அன்னைக்கு வரச்சொல்லி போன் பண்ணேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. மழை தூறுகிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.